எந்த விடுதியில் தங்கலாம்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. லால்குடியில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, ஒன்பதாம் வகுப்பு எழுதி முடித்த மகள், ஐந்தாம் வகுப்பு மகன் என ஐந்து பேர். ஓராண்டாக மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் மூன்று நாள் பயணம் போவது என்று முடிவாயிற்று. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு நாள். மாமல்லபுரத்தில் ஒரு நாள். தங்குவதோ இரண்டு இரவுகள்.

"நீதான் கணக்கில் கெட்டிக்காரி ஆயிற்றே, தங்கும் விடுதியை நீயே பார்த்துச் சொல்லம்மா. தங்க, அங்கே சுற்ற, காலைப் பலகாரத்துக்கு எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்துக்கு மேல் போகக் கூடாது" என்றார் அப்பா. மகள் கைப்பேசியை எடுத்தாள். ஐந்தே நிமிடத்தில், "கண்டுபிடித்துவிட்டேன்! எழும்பூரில் ஒரு லாட்ஜ். ஒரு நாளைக்கு 1,400 ரூபாய்தான். இதைவிட மலிவு கிடையாது" என்றாள்.

"அந்த ஆயிரத்து நானூறு ஐந்து பேருக்குமா?" என்று கேட்டார் அம்மா.

மாணவர்களே! அம்மாவின் இந்தக் கேள்வியில்தான் நம் பாடம் தொடங்குகிறது. விடுதியைத் தேர்ந்தெடுப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது ஓர் அளவிடும் வேலை. எதை அளப்பது, எந்த அலகில் அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது என்ற மூன்று கேள்விகளும் ஆய்வுக்கூடத்தில் எழுவது போலவே இங்கும் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கே வரும் விடுதிகளும் அவற்றின் கட்டணங்களும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. முறைதான் முக்கியம்.

முதல் சல்லடை

மாவு சலிக்கும்போது கப்பி மேலே தங்கிவிடுகிறது. அதுபோல, எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத தேவைகளை முதலில் எழுதி, அவற்றுக்குப் பொருந்தாத விடுதிகளை உடனே ஒதுக்கிவிட வேண்டும். இந்தக் குடும்பத்தின் சல்லடை இது: ஐந்து பேரும் தங்க இடம் வேண்டும், மொத்தச் செலவு 14,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மகள் நான்கு விடுதிகளைக் குறித்து வைத்திருந்தாள்.

அ: சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தின் அருகே. ஓர் அறைக்கு 1,400 ரூபாய். ஓர் அறையில் மூவர் வரை தங்கலாம். முதல் மாடி, மின்தூக்கி உண்டு.

ஆ: கிழக்குக் கடற்கரைச் சாலையில், பூங்காவிலிருந்து 3 கிலோமீட்டர். ஐந்து பேருக்கான குடும்ப அறை 4,000 ரூபாய். தரைத்தளம். காலைச் சிற்றுண்டி வாடகையில் அடக்கம்.

இ: மாமல்லபுரத்தில். ஐந்து பேருக்கான குடும்ப அறை 2,800 ரூபாய். இரண்டாம் மாடி; மின்தூக்கி இல்லை.

ஈ: கடலை ஒட்டிய உல்லாச விடுதி. ஓர் அறை 9,000 ரூபாய். ஓர் அறையில் மூவர்.

ஈ விடுதியில் இரண்டு அறைகள் வேண்டும். இரண்டு இரவுகளுக்கு 36,000 ரூபாய். சல்லடையில் அது நின்றுவிட்டது. மீதி மூன்று.

விளம்பர விலையும் உண்மை விலையும்

விளம்பரத்தில் தெரியும் எண் ஓர் அறையின் ஓர் இரவு வாடகை. நமக்கு வேண்டியதோ ஐந்து பேரின் இரண்டு இரவுச் செலவு. அலகுகள் வேறுபட்டால் ஒப்பிட முடியாது. மீட்டரையும் அடியையும் அப்படியே கூட்டுவோமா? மாட்டோம் அல்லவா?

அ விடுதியில் இரண்டு அறைகள் வேண்டும். ஆகவே 1,400 × 2 × 2 = 5,600 ரூபாய். இதன் மேல் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அது 280 ரூபாய். அறையை விட்டு வெளியே வந்தால் வண்டி வேண்டும். எழும்பூரிலிருந்து முட்டுக்காடு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஐந்து பேருக்கும் போகவர 2,400 ரூபாய் என்று கொள்வோம். மறுநாள் மாமல்லபுரம் போய்வர 4,000 ரூபாய். இரண்டு காலைச் சிற்றுண்டிக்கு 1,000 ரூபாய். கூட்டுங்கள்: 13,280 ரூபாய்!

ஆ விடுதியின் வாடகை வரியோடு 8,400 ரூபாய். தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி விடுதிக்கு வரவும், திரும்பிப் போகவும் 2,000. பூங்காவுக்கு ஆட்டோவில் போய்வர 400. மாமல்லபுரம் போய்வர 1,600. சிற்றுண்டிச் செலவு இல்லை. மொத்தம் 12,400 ரூபாய்.

இ விடுதியின் வாடகை வரியோடு 5,880 ரூபாய். இதற்குச் செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகலாம், போகவர 2,000. பூங்காவுக்குப் போய்வர 1,600. மாமல்லபுரத்துக்குள் சுற்ற 200. சிற்றுண்டிக்கு 1,000. மொத்தம் 10,680 ரூபாய்.

விளம்பர விலைப்படி மலிவிலிருந்து வரிசைப்படுத்தினால் அ, இ, ஆ. உண்மை விலைப்படி வரிசைப்படுத்தினால் இ, ஆ, அ. முதலில் நின்றது கடைசிக்குப் போய்விட்டது. "இதைவிட மலிவு கிடையாது" என்று மகள் சொன்ன விடுதிதான் மூன்றிலும் செலவு மிகுந்தது.

தூரத்துக்கும் வாடகைக்கும் உள்ள உறவு

பூங்காவின் அருகே வாடகை ஏன் அதிகம்? இதற்கு விடை சொன்னவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபோன் தியூனன் என்ற பண்ணையார். 1826இல் வெளியிட்ட நூலில், சமவெளியின் நடுவே ஒரே ஒரு நகரம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அதைச் சுற்றியுள்ள நிலங்களின் குத்தகை எப்படி மாறும் என்று கணக்கிட்டார். நகரத்துக்கு அருகில் இருப்பவருக்கு வண்டிக்கூலி மிச்சம். அந்த மிச்சத்துக்காகவே அருகிலுள்ள நிலத்துக்கு அதிகக் குத்தகை கொடுக்க அவர் முன்வருவார். ஆகவே நகரத்திலிருந்து விலக விலகக் குத்தகை குறையும். சீக்கிரம் கெட்டுப்போகும் காய்கறியும் பாலும் நகரின் அருகே விளையும். நாள்பட இருக்கும் தானியம் தொலைவில் விளையும்.

நகரம் இருந்த இடத்தில் பூங்காவையும், நிலம் இருந்த இடத்தில் விடுதியையும் வைத்துப் பாருங்கள். அதே விதிதான். நாம் அருகில் தங்கும்போது கொடுக்கும் கூடுதல் வாடகை, மிச்சமாகும் வண்டிச் செலவின் மறுவடிவம்.

அமெரிக்காவில் இந்த விதி கண்கூடாக நடந்தது. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து பூங்கா திறக்கப்பட்டது. வால்ட் டிஸ்னி அதற்காக வாங்கிய நிலம் சுமார் 160 ஏக்கர்தான். பூங்காவுக்கே பணம் போதாத நிலையில் விடுதி கட்ட அவரிடம் பணம் இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் விடுதிகளைக் கட்டினார்கள். கூட்டத்தை வரவழைத்தவர் ஒருவர்; வாடகை வாங்கியவர்கள் வேறு பலர்! இந்தப் பாடத்தை டிஸ்னி மறக்கவில்லை. அடுத்த பூங்காவுக்காக ஃபுளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1971 அக்டோபர் 1 அன்று அது திறக்கப்பட்டபோது விடுதிகளும் கூடவே திறக்கப்பட்டன.

வாடகை இடத்தைப் பொறுத்து மட்டுமல்ல, நாளைப் பொறுத்தும் மாறும். வைகுண்ட ஏகாதசியின்போது ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும். அறை என்பது வாழையிலை போன்றது. இன்று விற்காத இலை நாளை வாடிவிடும். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையின் வாடகையை நாளை வாங்க முடியாது. ஆகவே கூட்டம் இல்லாத நாளில் விடுதிக்காரர் விலையைக் குறைப்பார். கூட்டம் மிகுந்த நாளில் ஏற்றுவார். சனி, ஞாயிறுகளை விட்டுச் செவ்வாய், புதனில் பயணம் வைத்துக்கொண்டால் வாடகையும் குறையலாம். பூங்காவில் வரிசையும் குறையும்.

நேரமும் ஒரு செலவே

நம் லால்குடி ரயில் நிலையம் விழுப்புரம் – திருச்சி நாண் பாதையில் இருக்கிறது. வடிவியலில் நாண் என்றால் என்ன? வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வளைந்து திருச்சிக்கு வரும் முதன்மைப் பாதையை வில்லாகக் கொண்டால், விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக வரும் பாதை நாண். வில்லைவிட நாண் குட்டை. அதனால் தூரமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் தூரம் குறைந்தால் நேரம் எப்போதும் குறையும் என்று சொல்வதற்கில்லை. நகரத்து நெரிசலில் 10 கிலோமீட்டர் கடக்கும் நேரத்தில் திறந்த சாலையில் 25 கிலோமீட்டர் போய்விடலாம். ஆகவே கிலோமீட்டரோடு நிமிடத்தையும் எழுத வேண்டும். விடுதிகளில் தங்கினால் வண்டியில் கழியும் மொத்த நேரத்தை மகள் கணக்கிட்டாள்.

அ: பூங்காவுக்குப் போகவர 3 மணி, மாமல்லபுரத்துக்குப் போகவர 4 மணி. மொத்தம் 7 மணி.

ஆ: ரயில் நிலையத்துக்கு 2 மணி, பூங்காவுக்கு 20 நிமிடம், மாமல்லபுரத்துக்கு 1 மணி 20 நிமிடம். மொத்தம் 3 மணி 40 நிமிடம்.

இ: ரயில் நிலையத்துக்கு 2 மணி, பூங்காவுக்கு 1 மணி 20 நிமிடம். மொத்தம் 3 மணி 20 நிமிடம்.

இப்போது அ, ஆ இரண்டையும் அருகருகே வையுங்கள். செலவில் ஆ குறைவு. நேரத்தில் ஆ குறைவு. படியேறும் தொல்லையும் ஆ விடுதியில் இல்லை. அ எதிலாவது முந்துகிறதா? இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை எதிலும் இல்லை. ஒரு தேர்வு எல்லா வகையிலும் மற்றொன்றைவிடத் தாழ்ந்திருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் அதை நீக்கிவிடலாம்.

இதனால் எழும்பூர் விடுதி மோசம் என்று பொருள் அல்ல. 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் மெரினா கடற்கரையையும் பார்க்கப் போகிறவர்களுக்கு அதுவே முதலிடம் பெறக்கூடும். எதற்காகப் போகிறோம் என்பது மாறினால் விடையும் மாறும்.

ஐந்து நட்சத்திரம் எத்தனை பேர் கொடுத்தது?

மீதி ஆ, இ. இரண்டையும் பற்றித் தங்கியவர்கள் எழுதிய கருத்துகளை மகள் படித்தாள். இ விடுதியைப் பற்றி எழுதிய நான்கு பேரும் "திருப்தி" என்றிருந்தனர். நூற்றுக்கு நூறு! ஆ விடுதியைப் பற்றி எழுதியவர் 200 பேர். திருப்தி என்றவர் 180 பேர். நூற்றுக்குத் தொண்ணூறு. அப்படியானால் இ சிறந்ததா?

அவசரப்படக் கூடாது. ஒரு மட்டையாளர் ஒரே பந்தை எதிர்கொண்டு அதைச் சிக்ஸருக்கு அடித்துவிட்டால், இனி அவர் அடிக்கும் பந்தெல்லாம் சிக்ஸர் என்று முடிவு கட்டுவோமா? மாதிரி சிறியதாக இருந்தால் அதில் தற்செயலின் பங்கு பெரியது.

இதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் (1749–1827) ஓர் எளிய வழி தந்திருக்கிறார். உண்மையாகக் கிடைத்த கருத்துகளோடு, கற்பனையாக ஒரு நல்ல கருத்தையும் ஒரு கெட்ட கருத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, நல்லவற்றின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, மொத்த எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுக்க வேண்டும்.

இ: (4 + 1) ÷ (4 + 2) = 5/6, ஏறத்தாழ 83 விழுக்காடு.

ஆ: (180 + 1) ÷ (200 + 2) = 181/202, ஏறத்தாழ 90 விழுக்காடு.

பார்த்தீர்களா? நான்கு பேர் சொன்னதில் இரண்டு கற்பனைக் கருத்துகள் பெரிய மாற்றத்தை உண்டாக்கின. இருநூறு பேர் சொன்னதை அவற்றால் அசைக்க முடியவில்லை. யாருமே கருத்துச் சொல்லாத விடுதிக்கு இந்த முறையில் 1/2 வரும். "நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்" என்று பொருள். அதுவும் நியாயந்தானே!

இன்னொரு எச்சரிக்கை. கருத்து எழுதுகிறவர்கள் தங்கியவர்கள் அனைவரின் சரியான மாதிரி அல்லர். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கோபப்பட்டவருமே எழுத உட்காருவார்கள். சாதாரணமாகத் தங்கிப் போனவர் எழுதுவதில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், குறை சொன்னவர் எதைக் குறை சொன்னார் என்று படிக்க வேண்டும். தொலைக்காட்சியில் படம் சரியில்லை என்பது நமக்குப் பொருட்டல்ல. கோடையில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று பேர் வெவ்வேறு நாளில் எழுதியிருந்தால் அது பொருட்டே.

நிறையிட்டுப் பார்த்தல்

1772இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு குழப்பத்தில் இருந்தார். ஆக்சிஜன் ஆய்வுக்காக நாம் அறிந்த அதே பிரீஸ்ட்லிதான். ஒரு பிரபு அளிக்க முன்வந்த வேலையை ஏற்பதா, வேண்டாமா? நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். இடி மின்னல் பற்றி ஆராய்ந்த பிராங்க்ளின், அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் எழுதிய பதிலில், எதைச் செய்வது என்று சொல்லவில்லை; எப்படி முடிவு செய்வது என்று சொன்னார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் சில நாள் யோசித்து எழுத வேண்டும். இருபுறமும் சம எடையுள்ளவற்றை அடித்துவிட்டால், மீதி எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவே விடை.

இதையே சற்று விரிவாக்கி, ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எடை கொடுத்துக் கணக்கிடலாம். மகள் அப்படியே செய்தாள். எடைகளின் கூட்டுத்தொகை 10. செலவுக்கு 4, நேரத்துக்கு 3, நம்பகத்துக்கு 2, கடலும் மற்ற வேடிக்கைகளும் சேர்ந்து 1. பிறகு ஒவ்வொரு விடுதிக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டாள். 10,000 ரூபாயில் முடிந்தால் செலவுக்கு 10 மதிப்பெண். அதற்கு மேல் ஒவ்வொரு 600 ரூபாய்க்கும் ஒரு மதிப்பெண் குறைவு. 2 மணி 40 நிமிடத்துக்கு 10. அதற்கு மேல் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒன்று குறைவு. நம்பகத்துக்கு லாப்லாஸ் தந்த விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு. பின்னங்களை முழு எண்ணாக்கிக்கொண்டாள்.

இ: செலவு 9, நேரம் 8, நம்பகம் 8, வேடிக்கை 8. மொத்தம் 36 + 24 + 16 + 8 = 84.

ஆ: செலவு 6, நேரம் 7, நம்பகம் 9, வேடிக்கை 7. மொத்தம் 24 + 21 + 18 + 7 = 70.

"மாமல்லபுரம்தான்!" என்று தாளோடு ஓடினாள் மகள். அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இதில் பாட்டியை எங்கே காணோம்?" என்றார்.

ஆம். இ விடுதியின் அறை இரண்டாம் மாடியில். ஏறத்தாழ 40 படிகள். பாட்டிக்கோ முழங்கால் வலி. செலவையும் நேரத்தையும் எண்ணால் எழுத முடிந்தது. அதனால் அவை கணக்கில் ஏறின. வலியை எண்ணால் எழுதத் தோன்றவில்லை. அதனால் அது விடுபட்டது. அளக்க எளிதானவற்றை மட்டும் அளந்துவிட்டு மற்றவை இல்லை என்று எண்ணிக்கொள்வது, பெரிய ஆய்வாளர்களும் செய்யும் தவறு.

இங்கே சிறிது இயற்பியல் பார்ப்போம். பாட்டியின் நிறை 60 கிலோகிராம், இரண்டு மாடியின் உயரம் 6 மீட்டர் என்றால், ஏறுவதற்குச் செய்யும் வேலை 60 × 9.8 × 6 = 3,528 ஜூல். ஒரு சிறு கரண்டிச் சர்க்கரை தரும் ஆற்றல் இதைப் போல் பல மடங்கு. அப்படியானால் படியேறுவது சுலபம் என்று சொல்லலாமா? கூடாது. தொல்லை ஆற்றலில் இல்லை, விசையில் இருக்கிறது. படி ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கால் மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நாற்பது படியில் ஒவ்வொரு முழங்காலும் இருபது முறை அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். சரியான அளவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சரியான கணக்கும் தவறான முடிவைத் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மகள் பாட்டியிடம் போய்க் கேட்டாள். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

"எனக்கு ராட்டினம் ஏற வேண்டாம் கண்ணு. நீங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும்" என்றார் பாட்டி.

இதைக் கேட்டதும் கணக்கில் புதிய வரி ஒன்று சேர்ந்தது: பாட்டியின் வசதி. ஆ தரைத்தளம், பூங்காவிலிருந்து பத்து நிமிடம், மத்தியானம் வந்து படுத்துவிட்டுப் போகலாம். மதிப்பெண் 9. இ இரண்டாம் மாடி. மத்தியானம் வந்துபோக முடியாது. மதிப்பெண் 2. எடைகளை மாற்றினாள்: செலவு 3, நேரம் 2, நம்பகம் 2, வேடிக்கை 1, பாட்டியின் வசதி 2.

இ: 27 + 16 + 16 + 8 + 4 = 71.

ஆ: 18 + 14 + 18 + 7 + 18 = 75.

இப்போது ஆ முந்திவிட்டது. ஆனால் நான்கே மதிப்பெண். எடையைச் சற்று மாற்றினால் மறுபடியும் தலைகீழாகுமா? இதை அறிய இயற்கணிதம் உதவும். பாட்டியின் வசதிக்குரிய எடையை 'ப' என வைத்துக்கொள்வோம். செலவுக்கும் வசதிக்கும் சேர்ந்து 5 எடை என்பதால், செலவின் எடை (5 – ப). மற்றவை மாறவில்லை.

இ: 9(5 – ப) + 16 + 16 + 8 + 2ப = 85 – 7ப

ஆ: 6(5 – ப) + 14 + 18 + 7 + 9ப = 69 + 3ப

இரண்டும் சமமானால் 10ப = 16; ஆகவே ப = 1.6.

பாட்டியின் வசதிக்குப் பத்தில் 1.6க்கு மேல் எடை கொடுத்தால் ஆ. குறைவாகக் கொடுத்தால் இ. கணிதம் நம்மை இந்த எல்லைவரை கொண்டுவந்து விடும். எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கணிதம் சொல்லாது. அதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு விடுதிக்கும் உள்ள வித்தியாசம் 1,720 ரூபாய். பாட்டி வலியின்றி இரண்டு நாள் இருப்பதற்கு அதைக் கொடுக்கலாமா, கூடாதா? இவ்வளவுதான் கேள்வி.

ஒரு நேர்மை மட்டும் வேண்டும். எடைகளை முதலில் பேசி முடிவு செய்துவிட்டுப் பிறகு கணக்கிட வேண்டும். விரும்பிய விடை வரும்வரை எடையை மாற்றிக்கொண்டே போவது, சோதனைச் சாலையில் விடையைத் தெரிந்துகொண்டு அளவுகளைத் திருத்துவதற்குச் சமம். பாட்டியின் வரியைச் சேர்த்தது அப்படிப்பட்டதல்ல. விடுபட்ட ஓர் உண்மையைச் சேர்த்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

முடிவெடுக்கும் முன் அப்பா ஒன்று கேட்டார்: "மாமல்லபுரத்தில் தரைத்தளத்தில் அறை கிடைத்தால்?" கிடைத்தால் இ விடுதியின் வசதி மதிப்பெண் 2இலிருந்து 7 ஆகும் என்று மகள் மதிப்பிட்டாள். மொத்தம் 81 ஆகிவிடும், இ முந்திவிடும். அதாவது, தெரியாத ஒரு செய்தி விடையையே மாற்றக்கூடும். அதை அறிந்துகொள்ள ஆகும் செலவோ ஒரு தொலைபேசி அழைப்பு. விடையை மாற்றக்கூடிய செய்தி மலிவாகக் கிடைக்குமானால், அதைப் பெறாமல் முடிவெடுக்கக் கூடாது. எவ்வளவு தேடினாலும் விடையை மாற்றாத செய்தி என்றால் அதைத் தேடி நேரத்தை வீணாக்கவும் கூடாது.

மகள் பேசினாள். "தரைத்தளத்தில் மூன்று பேர் தங்கும் அறைதான் இருக்கிறதும்மா" என்று பதில் வந்தது. அடுத்து ஆ விடுதியைக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டாள். எத்தனை மணிக்கு அறை தருவீர்கள்? காலி செய்யும் நேரம் மதியம் 12 மணியா, வந்ததிலிருந்து 24 மணி நேரமா? ஐந்தாமவருக்குத் தனிக் கட்டணம் உண்டா? வரி சேர்த்து எவ்வளவு? உட்காரும் வகைக் கழிப்பறை இருக்கிறதா? பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? வாடகை 4,000 என்பது உறுதியாயிற்று. குடும்பம் ஆ விடுதியையே பதிவு செய்தது.

எங்கே நிறுத்துவது?

சென்னையிலும் கடற்கரைச் சாலையிலும் நான்கு விடுதிகள்தாமா இருக்கின்றன? நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் ஆராய்ந்தால் இன்னும் சிறந்தது கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கலாம். ஆனால் 300 விடுதிகளை ஒவ்வொன்றும் பத்து நிமிடம் பார்த்தால் 3,000 நிமிடம்; அதாவது 50 மணி நேரம். பயணமே அவ்வளவு நேரந்தானே!

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956இல் இதைப் பற்றி எழுதினார். மனிதனுக்கு நேரமும் நினைவாற்றலும் எல்லைக்கு உட்பட்டவை. ஆகவே மிகச் சிறந்ததைத் தேடி அலைவதைவிட, "இவ்வளவு இருந்தால் போதும்" என்று ஒரு மட்டத்தை முன்கூட்டியே வரையறுத்து, அதை எட்டிய ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்துவது அறிவுடைமை என்றார். முடிவெடுக்கும் முறை பற்றிய ஆய்வுகளுக்காக 1978இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கறிவேப்பிலை வாங்கச் சந்தை முழுவதையும் சுற்றாத நம் அம்மாக்கள் இதை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள்!

தொகுத்துப் பார்ப்போம். விட்டுக்கொடுக்க முடியாதவற்றால் சலியுங்கள். எல்லாச் செலவையும் ஒரே அலகில் கூட்டுங்கள். எல்லா வகையிலும் தாழ்ந்ததை நீக்குங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் பாராட்டை அப்படியே நம்பாதீர்கள். எடையிட்டுப் பாருங்கள், எடையை மாற்றினால் விடை மாறுகிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் வருகிறவர்களைக் கேளுங்கள். பாட்டியிடம் கேட்ட ஒரு கேள்வி இந்தக் கணக்கின் விடையையே மாற்றியது அல்லவா?

விடுதிக்கு மட்டுமல்ல, பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பள்ளி, எந்த மிதிவண்டி என்பவற்றுக்கும் இதே முறை பயன்படும்.

செய்து பாருங்கள்

1. குடும்பத்தில் பாட்டியும் தம்பியும் வரவில்லை. மூவர் மட்டுமே போகிறார்கள். அ விடுதியில் ஓர் அறை போதும். வண்டிச் செலவு மாறாது. சிற்றுண்டிச் செலவு 600 ரூபாய் ஆகிறது. அ விடுதியின் புதிய மொத்தச் செலவு என்ன?

2. ஒரு விடுதியைப் பற்றி 8 பேர் எழுதினர். 8 பேரும் திருப்தி என்றனர். மற்றொன்றைப் பற்றி 98 பேர் எழுதினர். 92 பேர் திருப்தி என்றனர். லாப்லாஸ் முறைப்படி எது முந்துகிறது?

3. பாட்டியின் வசதியில் இ விடுதிக்கு 2க்குப் பதில் 4 மதிப்பெண் கொடுத்தால், 'ப'வின் எல்லை 1.6இலிருந்து எவ்வளவாக மாறும்?

4. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் ஐந்து பண்புகளுக்கும் எடை எழுதுங்கள். பிறகு தாள்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். யாருடைய எடை யாருடையதிலிருந்து மிகவும் வேறுபடுகிறது? ஏன் என்று பேசிப் பாருங்கள்.

விடைகள்: (1) 2,800 + 140 + 2,400 + 4,000 + 600 = 9,940 ரூபாய். (2) முதலாவது 9/10, அதாவது 90 விழுக்காடு. இரண்டாவது 93/100, அதாவது 93 விழுக்காடு. இரண்டாவதே முந்துகிறது. (3) 85 – 5ப = 69 + 3ப; ஆகவே ப = 2. (4) இதன் விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.